முதுகு காட்டப் போன ஐந்து நாள்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் சென்னைக்குப் போய், கொஞ்சம் உயரமாகி, திருத்தணிக்குத் திரும்புவேன். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இதுதான் வழக்கம். மற்றப் பிள்ளைகள் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனார்கள். நான் முதுகெலும்பை நீட்டிக்கொள்ளப் போனேன்.

பிறந்து இரண்டு வருடம் ஆவதற்குள் என் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கியிருந்தது. ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. முதலில் மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுச் சட்டை போட்டுப் பார்த்தார்கள். அது போதாமல் போனபோது அறுவை செய்து முதுகுக்குள் இரண்டு கம்பிகளைப் பொருத்தினார்கள். வளர்கிற பிள்ளைக்கு எலும்புகளை மொத்தமாக ஒட்டவைத்து நேராக்கிவிட்டால் முதுகு அதோடு வளராது. முதுகு குட்டையாகிவிட்டால் நெஞ்சுக்கூடும் சிறுத்துப்போகும், நுரையீரலுக்கு இடம் இருக்காது. அதனால் கம்பியை மேலேயும் கீழேயும் மட்டும் பிடித்து வைத்து, பிள்ளை வளர வளரச் சின்னதாகத் திறந்து, கம்பியைக் கொஞ்சம் நீட்டி, மூடிவிடுவார்கள். வளர்ச்சி முடிகிற வயதில்தான் கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டுவது. எனக்கு அது பதின்மூன்றாவது வயதில் நடந்தது.

இப்போது மஸ்கட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே இருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"பவித்ரா, லீவு கெடைக்குமா? நீ வந்து ஒருத்தங்களுக்கு உன் முதுகக் காட்டணும்."

நம் மொழியில் முதுகு காட்டுவது போர்க்களத்தில் பயந்து ஓடுகிறவர்களின் வேலை. அதற்காகவே விமானம் ஏறி வந்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விஷயம் இதுதான். அம்மா சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறாள். முன்னால் ஒரு பெண், கையில் நாலு வயதுக் குழந்தை. குழந்தையின் கவுன் ஒரு பக்கம் தாழ்ந்து, ஒரு பக்கம் ஏறியிருந்தது. பார்க்கிறவர்கள் தைத்தவர் கைக்கோளாறு என்பார்கள். அம்மா அப்படி நினைக்கவில்லை. என் கவுன்களின் ஓரத்தை அவள் எட்டு வருடம் கோணலாக மடித்துத் தைத்தவள், போட்டால் நேராகத் தெரியட்டும் என்று. குழந்தையின் பெயர் ஹாசினி. தாய் சுகுணா, ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், விசைத்தறி ஓட்டுகிறவள். டாக்டர்கள் மாவுக்கட்டு போட்டுப் பார்த்துவிட்டு அறுவை செய்யச் சொல்லிவிட்டார்கள், வீட்டுக்காரர் மட்டும் மாட்டேன் என்கிறார் என்று அந்த வரிசையிலேயே அழுதிருக்கிறாள்.

முதல் நாள்.

"கார் வெச்சுகினு வந்துடு" என்று அப்பா சொல்லியிருந்தார். நான் மின்சார ரயிலில்தான் வந்தேன். அந்த ரயிலை எனக்கு முதுகால் தெரியும்.

கம்பி நீட்டிவிட்டுத் திரும்பும்போது அம்மா என்னை இருக்கையில் நீட்டிப் படுக்கவைப்பாள். அதில் இருப்பவர்கள் கேட்காமலேயே எழுந்துகொள்வார்கள். ஒருமுறை கீரைக்கட்டோடு வந்த நாலைந்து பேர் திருவள்ளூரிலிருந்து இறங்கும்வரை நின்றபடியே வந்தார்கள். தண்டவாளம் மாறுகிற இடங்களில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும், தையல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கும். எங்கெங்கே குலுக்கும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். "வருது, மூச்சப் புடி" என்று சொல்லி என் முதுகுக்கடியில் உள்ளங்கையைக் கொடுப்பாள். இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்து வந்தபோதும், அந்த இடங்களில் என்னையறியாமல் மூச்சைப் பிடித்தேன். ரயில் புதுசாகியிருந்தது. குலுக்கல் பழசுதான்.

மணவூரில் ரயில் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறாம். மஸ்கட்டில் இப்படி ஒரு பஸ் நின்றால் ஆளாளுக்கு போனைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாமல் இறங்கிப் போவார்கள். இங்கே ஐந்தாவது நிமிடத்தில் பெட்டி ஒரே குடும்பமாகிவிட்டது. கொய்யாக்கூடையோடு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, இவ்ளோ வெறப்பா குந்தினுகிற? போலீசா நீ?"

"இல்லம்மா. முதுகுல கம்பி வச்சிருக்காங்க. வளையாது."

"கம்பியா! உள்ளயா?"

"ஆங்."

அவர் சற்று யோசித்தார். "அப்ப இடி இடிக்கச் சொல்ல வெளிய போவாத" என்று சொல்லி, ஒரு கொய்யாவை நாலாகப் பிளந்து மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தார். என் முதுகைப் பற்றி இதுவரை எவ்வளவோ பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். காரமான கொய்யாவோடு யாரும் சொன்னதில்லை.

இரண்டாம் நாள்.

காலையில் அம்மா இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் கட்டிக் கொடுத்தாள். அன்று கிருத்திகை என்பதை மஸ்கட்டிலிருந்து கிளம்பியவள் மறந்துபோயிருந்தேன். பேருந்து நிலையத்துக்குள் நுழையவே முடியவில்லை. மஞ்சள் துணி, காவடி, மொட்டைத் தலைகள், அரோகரா. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ், நிலையத்துக்கு வெளியே எங்கோ நிற்கிறது என்றார்கள். தேடிப் போனால் அது அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அடுத்ததில் நின்றுகொண்டு போனேன்.

ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள், புதுசாய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியவர்கள், தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "தலை லேசாயிடுச்சுடி" என்றாள் ஒருத்தி. "முடி போனதாலயா, பாரம் போனதாலயா?" என்றாள் மற்றவள். "ரெண்டும் ஒண்ணா போச்சு, எது எதுன்னு தெரியல." பெரிதாகச் சிரித்தார்கள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எல்லாரும் வளைந்து நிமிர்ந்தார்கள். நான் மட்டும் மரத்தூண் மாதிரி முன்னால் இருந்தவர்மேல் சாய்ந்தேன்.

சுகுணா நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். முப்பதுக்கு மேல் இருக்காது. "வாமா, வாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டவள் வீடுவரை விடவில்லை. ஊர் முழுக்கத் தறிச் சத்தம். வீட்டுக்குள் வந்ததும் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். எவ்வளவு போட்டும் போதாது என்பதுபோல மேலும் வைத்தாள். என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கப் பயந்து பரிமாறிக்கொண்டே இருந்தாள் என்று பிறகுதான் தோன்றியது.

ஹாசினி மூலையில் உட்கார்ந்து பட்டாணியை எண்ணிக்கொண்டிருந்தது. வலது தோள் மேலே, இடது தோள் கீழே. பின்னால் திரும்பியபோது ஒரு பக்க விலா எலும்புகள் சட்டைக்குள் புடைத்துத் தெரிந்தன. வாசலிலிருந்து அடுப்படிக்கு ஓடிவந்து நின்று, ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். பேசும்போது நடுவில் நிறுத்திக்கொள்கிற பழக்கம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

"மாவுக்கட்டு போட்டாங்களே, எங்க?" என்று கேட்டேன்.

சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள். "வெய்யில்ல அரிப்பு தாங்காம அழுதுகினே இருந்துச்சு. அவரு பாத்தாரு. ஒருநாள் வெட்டுக்கத்திய எடுத்து, உள்ள துணிய வெச்சு, ரவ ரவயா வெட்டி எடுத்துட்டாரு. புள்ள மேல ஒரு கீறல் படல. அன்னிக்குத்தான் நல்லா தூங்கிச்சு."

அந்த அரிப்பும் எனக்குத் தெரியும். அம்மா தென்னங்குச்சியில் பஞ்சைச் சுற்றிக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்துவிடுவாள். என்னவோ, இப்போது அதை நினைத்தால் அரிப்பு நினைவில் இல்லை, சொறிந்த சுகம்தான் நினைவிருக்கிறது.

கதவைச் சாத்தினோம். சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை என் தழும்பு. ஒரே இடத்தில் பலமுறை திறந்து மூடியதால் சில இடங்களில் அகலமாக இருக்கும். பிறகு ஒரு சின்ன விரல் மேலிருந்து கீழாகப் போனது.

"அக்கா, பூரான் படுத்துகினு கீது."

"கடிக்காது. தொடு."

"நேரா படுத்துகினு கீது" என்றது ஹாசினி, நேரா என்பதை அழுத்தி. சுகுணா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆனால் சம்மதிக்க வேண்டியவர் அவளில்லையே. அவள் வீட்டுக்காரர் முனிரத்தினம் பொழுது சாயும் நேரத்தில் வயலிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர். காலைக் கழுவிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்ததும் ஹாசினி போய் மடியில் ஏறிக்கொண்டது. அவர் கை தானாகவே குழந்தையின் புடைத்த விலாப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் வலிக்காமல் எப்படித் தூக்குவது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் முதுகைக் காட்ட முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "குனிய வருமாமா உனக்கு?"

"முதுக வளைக்க முடியாதுண்ணா. இப்படி உட்கார்ந்து எடுப்பேன்." முழங்காலை மடக்கி, முதுகு நேராக இருக்கக் கீழே கிடந்த சொம்பை எடுத்துக் காட்டினேன்.

"நாத்து நட முடியாது."

"முடியாது."

"களை எடுக்க முடியாது."

"முடியாது."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. கணக்குப் பார்க்கிறவர்போல மெதுவாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி பிரிக்கறதுக்கும் தைக்கறதுக்கும் எம்பொண்ணு இன்னா துணியாமா? ரவ வளரட்டும். பெருசானதும் ஒரேவாட்டியா பண்ணிக்கலாம்."

வளரும்வரை காத்திருந்தால் வளைவும் சேர்ந்து வளரும், அதற்குள் நெஞ்சு நசுங்கிவிடும் என்று சொன்னேன். டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. "சாப்ட்டு போமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் எழுத ஒன்றுமில்லை. தோற்றுப்போனவள் ஊர் சுற்றினேன், அவ்வளவுதான்.

மலைக்குப் படியேறிப் போனேன். சின்ன வயதில் அப்பா என்னை மொபெட்டில் வைத்து மலைப்பாதையில் கூட்டிப்போவார். படியேறுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். இந்த முறை முழுதும் ஏறினேன். பாதியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு மொட்டைத் தாத்தா என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து "வா வா" என்று கை காட்டினார். மேலே வாங்கிய புளியோதரையைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து மூன்று பேரும் சாப்பிட்டோம்.

"உடு" என்றாள் அம்மா. "நீ வந்து சொன்ன. அவங்க தலையெழுத்து."

அப்பா புளியோதரையிலேயே கண்ணாக இருந்தார். அவர் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்த்தவர். கரும்பு வண்டிகளை நிறுத்துப் பழகியவர் என்பதால் பேச்சையும் நிறுத்துத்தான் வெளியே விடுவார்.

நான்காம் நாள் காலையில் முனிரத்தினமே வீட்டுக்கு வந்துவிட்டார். கூட சுகுணா, ஹாசினி. உர மூட்டை வாங்கத் திருத்தணிக்கு வந்தாராம், சுகுணா பிடிவாதமாக இங்கே இழுத்துவந்திருக்கிறாள். கையில் ஒரு பை பச்சை வேர்க்கடலை. வந்ததற்கு மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்ற அவசரம் முகத்தில் இருந்தது. அம்மா விடவில்லை. கடலையை வேகவைக்கப் போனாள்.

பேச்சுக்கு எதுவும் கிடைக்காமல் அவர் என்னைக் கேட்டார்: "இத்தினி வருசத்துல கோளாறு எதுவும் ஆவலியாமா?"

ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆச்சுண்ணா" என்றேன். "ஒன்பது வயசுல ஸ்கூல்ல வழுக்கி விழுந்து ஒரு கம்பி உடைஞ்சுது. மறுபடி தொறந்து மாத்தினாங்க. ஒருவாட்டி தையல்ல சீழ் வச்சு ஒரு மாசம் ஆஸ்பத்திரியிலயே இருந்தேன்."

சுகுணா என்னை முறைத்தாள். ஆனால் முனிரத்தினம் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். யாரோ கடைசியில் தன்னிடம் பொய் சொல்லவில்லை என்பதுபோல. பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"அப்பிடியும் நீங்க எப்டி நைனா ஒத்துகினீங்க?"

அப்பா கையிலிருந்த கடலைத் தோலைத் தட்டில் போட்டார்.

"நான் எங்கபா ஒத்துகினேன்?" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள்.

"இரு, சொல்றேன். ஆலையில ஒருத்தன் சொன்னான், அவுங்க ஊர்ல எவனுக்கோ முதுகுல கத்தி வச்சாங்களாம், அப்பறம் எழுந்து நடக்கவே இல்லியாம். அதக் கேட்டதுலருந்து நான் கையெழுத்து போடமாட்டேன்னுட்டேன். ரெண்டு மாசம் போட்ட சண்ட இருக்குதே! அப்பறம் ஒருநாள் இவ, அக்கா பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி சுத்தறாங்க, மெட்ராசுக்குப் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு, புள்ளய இட்டுகினு போய்ட்டா. நானே ரயிலேத்தி உட்டேன். பட்டுப்பாவாட கட்டிகினு போச்சு இது."

பட்டுப்பாவாடை எனக்கு நினைவிருக்கிறது. பச்சை. ஆஸ்பத்திரிக்கு ஏன் பட்டுப்பாவாடை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அம்மா எனக்கு ஆசையாகக் கட்டிவிட்டாள் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்ச அப்பறம்தான் ஆலைக்கு போன் வந்துச்சு. இவதான். 'பண்ணிட்டாங்க, கால அசைக்கறா'னு மட்டும் சொல்லி வச்சுட்டா. அடிக்கணும்னுதான் ரயிலேறினேன்பா, பொய் சொல்லல. ஆஸ்பத்திரி கேட்டுவரைக்கும் போனேன். உள்ள போவ கால் வரல. நான் வேணாம்னு சொன்ன புள்ளய எந்த மூஞ்ச வச்சிகினு பாக்கறது? அன்னிக்கு மட்டும் இல்ல. எல்லாவாட்டியும் கூடவே போவேன், வெளியவே நிப்பேன்."

அவர் வெளியே நிற்பார் என்பது எனக்குத் தெரியும். மருந்து வாசனை அப்பாவுக்கு ஆகாது என்று அம்மா சொல்லுவாள். அம்மா இப்போது அடுப்படி நிலையில் வந்து நின்றிருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணாம்னு சொன்னதும் புள்ளமேல ஆசையிலதான்" என்றார் அப்பா. "நீ மாவுக்கட்ட வெட்டி எடுத்தியே, அது மாரி. தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா எம்பேச்ச இவ கேட்டிருந்தா, இது இன்னிக்கு இங்க குந்திகினு கடல உரிக்காது."

ஹாசினி வெந்த கடலையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தது. இரண்டு ஊது, ஒரு மூச்சு. இரண்டு ஊது, ஒரு மூச்சு. முனிரத்தினம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல ரயிலு எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.

அவர்கள் போன பிறகு நான் அம்மாவிடம் போனேன். இத்தனை வருடம் சொல்லாததற்குக் கோபப்படலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. "பயமா இல்லியாமா உனக்கு, தனியா?" என்று கேட்டேன்.

"உங்க அப்பாவுக்குப் பயப்படறதா, நீ மூச்சு வாங்கறதுக்குப் பயப்படறதா?" என்றாள். "ரெண்டுக்கும் சேத்துப் பயப்பட நேரமில்ல. போ, குளி."

ஐந்தாம் நாள்.

அன்று இரவு எனக்கு விமானம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடே கிளம்பினேன். மூட்டுவலியென்று அம்மா வரவில்லை. அப்பா, "சும்மா, துணைக்கு" என்று சொல்லிக்கொண்டு ரயிலில் ஏறினார். வழியெல்லாம் முனிரத்தினத்துக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே வந்தார்: எந்தப் பெட்டி ஏறினால் இறங்க வசதி, எந்த நிலையத்தில் மசால்வடை நன்றாக இருக்கும், ஆஸ்பத்திரிக்கு எந்த வாசல் வழியாகப் போனால் நடை குறைவு. வடை விஷயத்தில் அவர் ஞானம் பழசாகிவிட்டது. அந்தக் கடை இப்போது கைப்பேசிக் கடை. சமோசா வாங்கிச் சாப்பிட்டோம், ஆறிப்போயிருந்தது.

என்னை அறுத்த டாக்டர் இப்போது நரைத்திருந்தார். ஹாசினியின் படங்களை வெளிச்சத்தில் வைத்து, முனிரத்தினத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விளக்கினார். வெளியிலிருந்தே காந்தத்தால் நீட்டுகிற கம்பிகள்கூட இப்போது வந்திருக்கின்றன, ஆனால் எல்லாருக்கும் தோதுப்படாது, இந்தக் குழந்தைக்குப் பழைய முறைதான் என்றார். முனிரத்தினம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தினி வருசம் வரணும் சார்?" எட்டு, ஒன்பது வருடம் ஆகலாம் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். மூச்சுச் சோதனைக்கும் மற்றதுக்கும் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் மஸ்கட் திரும்பிய மூன்றாவது வாரத்தில் அறுவை நடந்தது. ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கண் விழித்ததும் ஹாசினி கேட்டது ஐஸ்கிரீம். இப்போது வீட்டில் படி ஏறி இறங்குகிறதாம், நடுவில் நிற்காமல். முதல் நீட்டலுக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் கம்பி உடையலாம், சீழ் பிடிக்கலாம். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். சுகுணா போனில் பேசும்போது இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

ஆனால் அந்த ஐந்தாம் நாள் மத்தியானம் வேறொன்று நடந்தது.

ஹாசினிக்குக் கொடுத்த கட்டில் மூன்றாவது மாடியில், ஜன்னல் ஓரம். அப்பா வழக்கப்படி கீழேயே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். படியில் என் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வார்டு வாசலில் கொஞ்சம் தயங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"நீ எந்தக் கட்டில்ல இருந்த?"

"ஒவ்வொருவாட்டி ஒவ்வொண்ணுபா. முக்கால்வாசி இந்த வரிசையிலதான்."

அவர் ஜன்னலண்டை போய் நின்றார். கீழே தெரு. டீக்கடை, எதிரில் தூங்குமூஞ்சி மரம்.

"அங்கதான் நான் நிப்பேன்" என்றார். "இங்கருந்து தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுபா. மல்லாக்கப் படுத்துகினு இருப்பேன், திரும்ப முடியாது. அம்மா இங்க நின்னுகினு சொல்லிகினே இருப்பா. அப்பா டீ குடிக்கிறாரு. அப்பா யாருக்கோ வழி சொல்றாரு. இப்ப மேல பாக்கறாரு, உனக்குக் கை காட்டறாருன்னு சொல்லுவா. நானும் படுத்துகினே கை காட்டுவேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் மேல பாத்ததே இல்லியே" என்றார் மெதுவாக. "எந்த ஜன்னல்னுகூட எனக்குத் தெரியாது. பாக்க பயம்."

எட்டு வருடம், எத்தனை தடவை, கூரையில் சுற்றுகிற மின்விசிறிக்குக் கை காட்டியிருக்கிறேன்.

கட்டிலில் ஹாசினிக்கு ஊசி குத்திய கையைப் பலகையோடு கட்டியிருந்தார்கள். அழுது முடித்துவிட்டு, "நைனா எங்க?" என்று கேட்டது. பால் வாங்கக் கீழே போயிருந்தார் முனிரத்தினம். எழுந்து பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தது. சுகுணா பிடித்துப் படுக்கவைத்தாள்.

"இரு, நான் பாத்து சொல்றேன்" என்றார் அப்பா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "தோ, உங்க நைனா கடையண்ட நிக்கறாரு. பால் வாங்கிட்டாரு. சூடு போல கீது, துண்ட சுத்திப் புடிச்சிகினுகிறாரு."

"மேல பாக்கறாரா?"

"பாக்கறாரு" என்றார் அப்பா.

நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். தெரு நடுவில், இரண்டு பக்கமும் ஆட்டோக்கள் ஒதுங்கிப் போக, முனிரத்தினம் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பால். இன்னொரு கையின் விரலை நீட்டி, கீழ்மாடியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாக எண்ணிக்கொண்டு வந்தார்.